கொலைகாரன் டாக்டர்தானே?

வாடகை நூலகம் நடத்தும் அந்த அம்மாளுக்குத் தெருவே வைத்த பெயர் 'கடைசிப்பக்கத்தக்கா'. மர்ம நாவல் என்றால் சும்மாவா? முதல் அத்தியாயத்தில் பிணம், ஐந்தாவதில் எல்லோர் மேலும் சந்தேகம், நாம் யாரை மறந்தே போனோமோ அவன்தான் கடைசியில் கொலைகாரன். அந்தக் கடைசித் தாளை எவனாவது கிழித்துவிட்டால் அடுத்து படிப்பவர் வந்து கடையையே இரண்டாக்கிவிடுவார். அதனால் எந்தப் புத்தகம் வந்தாலும் போனாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஆக, கடையிலுள்ள அத்தனை கொலைகாரர்களையும் அவளுக்குத் தெரியும். ஆனால் மூச்சு விடமாட்டாள். தெரியாதவரைக்கும்தான் இந்தக் கதைகளுக்கு உயிர் என்பாள்.

கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இந்த நாவல்கள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆனால் மனிதர் துப்புத் துலக்கியது புத்தகத்தில் இல்லை, பெண்டாட்டி முகத்தில்! கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பழைய டிக்கெட்டைச் செருகி நிறுத்திக்கொண்டு, "வக்கீலா? தங்கச்சியா?" என்று ஒவ்வொரு ஆளாகக் கேட்பார். சரியான ஆள் வந்ததும் இவள் உதடு துடித்துவிடும். "மாட்டுனியா!" என்று கைதட்டுவார். முழுக்கப் படித்து முடித்தால்தான் டிக்கெட் சட்டைப்பைக்குத் திரும்பும்.

முப்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவள் ஜெயித்தாள். "டாக்டர்தானே?" என்றார், நாற்காலியில் இருந்தபடி. "இல்லவே இல்ல. ஒழுங்கா படிங்க" என்று முகத்தை இறுக்கிச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கடை திறக்கப் போனாள். மத்தியானம் சாப்பிட வந்தபோது புத்தகம் அவர் மடியில் மூடிக் கிடந்தது. மனிதருக்கு மூச்சில்லை.

நாலு வருஷமாக அந்தப் புத்தகம் கடையின் மேல்தட்டில் இருக்கிறது. தினமும் ஷட்டரைத் தூக்கியதும் அலமாரிக்குப் பின்னாலிருந்து "டாக்டர்தானே?" என்று அவர் குரல் கேட்கும். அவள் பதில் சொல்வதில்லை. முடிவைப் படித்துவிட்டுப் போனாரா, இல்லை தன் பொய்யை நம்பிக்கொண்டே போய்விட்டாரா? டிக்கெட் இருக்கிறதா என்று திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறக்கத்தான் பயம்.

நேற்று பழைய போஸ்ட்மேன் வந்தார். "ஏம்மா, மேல இருக்கே, அது ஒண்ணுதான் நான் படிக்கல. இல்லேன்னு சொல்லாதீங்க."

எத்தனை நாள்தான் தட்டிக்கழிப்பது? எடுத்தாள். பழக்கதோஷம், கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னாலும் பார்த்தாள், டிக்கெட் இல்லை. அப்பாடா, படித்துவிட்டார்! மூடப்போனபோது முன்பக்கத்திலிருந்து அது நழுவி விழுந்தது. இரண்டாம் அத்தியாயம். பாவி மனுஷன், பெண்டாட்டி சொன்னாளே என்று டாக்டரை விட்டுவிட்டு, வேறு ஆளைத் தேடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

"டாக்டர்தாங்க!" அலமாரியைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் பொய் சொன்னேன்!"

"அட என்னம்மா, போட்டு உடைச்சிட்டீங்களே!" என்றார் போஸ்ட்மேன். பிறகு அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, "சரி, குடுங்க. எப்படி மாட்டுனான்னு படிச்சுக்குறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

கைதட்டல் வரும் என்று நின்றாள். வரவில்லை.

இன்று காலை ஷட்டரைப் பாதி தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. "சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றாள்.