கோட்டை வாசலில் ஒரு தேநீர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஈஸ்டர் விடுமுறையில், லண்டனிலிருந்து வேல்ஸ் பக்கம் காரில் போனோம். நான், கணவர், பதினொரு வயது மகள். முதல் நாள் முழுக்க அருவியும் காடும்தான். அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை. எதைப் பார்த்தாலும் "ஐயோ, என்ன வடிவு!" என்று நான் கத்தியதில் மகளுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள், குன்றின் மேல் நிற்கும் ஒரு பழைய கோட்டைக்குப் போகவேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். நான் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். என் கணவர் யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகில் வளர்ந்தவர். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கமிருந்து வந்து விழுந்த ஷெல் குண்டில் தன் அண்ணனை இழந்தவர். எந்த ஊருக்குப் போனாலும், கோட்டை என்றால் கார் பார்க்கிலேயே இருந்துவிடுவார். அவருடைய அம்மா சொல்லித்தான் எனக்கே காரணம் தெரியும்; மகளுக்குத் தெரியாது.

அன்று அவள் விடவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். அங்கே அவர் நின்றுவிட்டார். குளிர்காற்றிலும் நெற்றியெல்லாம் வியர்வை.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு ஏலாது" என்றார்.

வாசலருகே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் கேட்டார். எங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"இதுவும் வேல்ஸ்காரர் எங்களை அடக்க வந்த இங்கிலாந்து ராஜா கட்டியதுதான். என் அம்மா கடைசிவரை உள்ளே வந்ததில்லை. நான் நாயோடு தினமும் வருகிறேன்" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "இவர்கள் போய் வரட்டும். நாம் இங்கே தேநீர் குடிப்போம்" என்று பிளாஸ்க்கைத் திறந்தார்.

மனமில்லாமல்தான் மகளோடு மேலே ஏறினேன். கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றிலும் மலை, ஆறு, புள்ளி புள்ளியாக ஆடுகள். எதிலும் மனம் பதியவில்லை. வாசலை எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் பேசாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று மகள், "அம்மா, அப்பா வாறார்!" என்று கத்தினாள். ஆமாம், வந்துகொண்டிருந்தார். கையில் அந்த நாயின் கயிறு! நாயைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிற மனிதர், அது இழுத்த இழுப்புக்கு வாசலைத் தாண்டி முற்றத்துப் புல்தரைக்கு வந்துவிட்டார். பின்னால் அந்தப் பெண்மணி மெதுவாக வந்தார். கணவர் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில், நாங்கள் எதுவும் கேட்காமலே, "அண்ணை இருந்திருந்தா முதல் ஆளா உச்சிக்கு ஏறியிருப்பார். சரியான குழப்படி அவர்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அண்ணனைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான். லண்டன் வரும்வரை மகள் பெரியப்பாவின் சின்ன வயதுக் குறும்புகளைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

இத்தனை வருடமும் "எல்லாம் முடிஞ்சுது, பயப்பிடாதேங்கோ" என்று அவருக்கு நான் சொல்லாத நாளில்லை. அந்தப் பெண்மணி அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். இப்போதெல்லாம் யாராவது பயந்துபோய் நிற்பதைக் கண்டால், புத்தி சொல்லத் துடிக்கும் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் போய் உட்காருகிறேன்.