பன்னிரண்டடி நகர்ந்த மைதானம்

ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்க்கிறார். கோடு நூல் பிடித்த மாதிரிதான் வந்திருக்கிறது. ஆனாலும் "கோணிக்கிட்டுப் போகுது சனியன்" என்று திட்டிவிட்டு மறுபடி தள்ளுகிறார். அந்தத் திட்டு கோட்டுக்கா, முழங்காலுக்கா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பஸ் பணிமனைக் கால்பந்து அணிக்காரர்கள் அவரைச் சுண்ணாம்பு அண்ணா என்பார்கள். சட்டை, புருவம், காது மடல், சாப்பாட்டுப் பை எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். நகராட்சியில் மைதான வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. முதலில் மூன்று பேர் பார்த்த வேலை. ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார், இரண்டு இடத்துக்கும் ஆள் வரவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "நிக்கிறேன்ல, அது போதாதா?" என்பார். அது நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு.

அவர் வேலை பார்க்கும் இடம் பாதி நினைவுப் பூங்கா, பாதி மைதானம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு தையல் ஆலை இருந்தது. ஒரு நாள் பட்டப்பகலில் அது எரிந்தபோது நாற்பத்திரண்டு பெண்கள் வெளியே வரவில்லை. எந்தப் பெண் எங்கே உட்கார்ந்து தைத்தாளோ அந்த இடத்திலேயே ஒரு செம்பருத்தி வைக்க வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே வைத்தார்கள். ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு செடி, ஒவ்வொன்றின் அடியிலும் எண் போட்ட ஒரு தகடு. ஆலையின் முற்றம் மைதானமாயிற்று. செடிகளுக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவே பன்னிரண்டடி புல்வெளி விட்டிருந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டடியைத்தான் சுண்ணாம்பு அண்ணா தின்றுவிட்டார். வேண்டுமென்று செய்ததில்லை. கோல் கம்பத்துக்கு முன்னால் ஆடி ஆடி மண் மொட்டையாகிவிடும். புல் மறுபடி முளைக்க வேண்டுமென்றால் கம்பத்தைக் கொஞ்சம் தள்ளி நட வேண்டும். எதிர்ப்பக்கம் சாக்கடை. ஆகவே வருஷம் ஒருமுறை, ஒன்றரை அடி, பூங்காப் பக்கமாக. போன வருஷத்தைவிட ஒன்றரை அடிதானே என்று ஒவ்வொரு முறையும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எட்டாவது வருஷம் கம்பம் மைதானத்தை ஒட்டிய கடைசி வரிசையின் மேலேயே வந்து நின்றது. அதற்குள் பந்து பட்டும் மிதி பட்டும் ஐந்து செடிகள் செத்திருந்தன. ஆறாவது மட்டும் பூத்துக்கொண்டிருந்தது.

அது டீச்சரின் தங்கை செடி.

டீச்சர் வெள்ளிக்கிழமைதோறும் மடக்கு நாற்காலியோடு வருகிறவர். எழுபத்து நாலு வயது. மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்திவிட்டன; அவர் நிறுத்தவில்லை. செடிக்குப் பக்கத்தில் நாற்காலியை விரித்து ஒரு மணி நேரம் உட்காருவார். கண் அறுவைக்காக மகன் வீட்டுக்குப் போய் நாலு மாதம் வராமல் இருந்த சமயத்தில்தான் சுண்ணாம்பு அண்ணா அந்தச் செடியைத் தோண்டி எடுத்து, முந்தின வரிசையில் மர நிழலில் பட்டுப்போன ஒன்றின் குழியில் நட்டார். தகட்டையும் பிடுங்கிக் கொண்டுபோய் அங்கேயே ஊன்றினார். டீச்சர் திரும்பி வந்தார், தகட்டைக் கையால் தடவிப் பார்த்தார், நாற்காலியை விரித்தார். மூன்று வருஷமாக வேறொருத்தியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதன்பின் கம்பத்தை இவர் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மைதானத்தின் மறுகோடியில் இவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

புதன்கிழமை நகராட்சிப் பொறியாளர் பழைய வரைபடத்தோடு வந்தார். பூங்காவுக்கும் மைதானத்துக்கும் நடுவே சுவர் எழுப்பப் போகிறார்களாம். டேப்பைப் பிடிக்கச் சொன்னார். இவர் பிடித்தார். தன் குற்றத்தைத் தானே அளந்து காட்டுகிற கொடுமை யாருக்கு வாய்க்கும்? பொறியாளர் செடிகளை எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார், பிறகு வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். கடைசி வரிசையைப் பழைய இடத்திலேயே வைத்தாக வேண்டும், குடும்பங்களுக்குக் கடிதம் போகும் என்றார். இவர் மென்று விழுங்கி, "டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கிறேன் சார்" என்றார்.

மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்தில் பிடித்தாலும் பிடித்துக்கொள்ளட்டும். டீச்சர் முகத்தைப் பார்ப்பதுதான் முடியாத காரியம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. விஷயம் முழுக்கத் தெரிந்தவர் இவர் மனைவி ஒருத்திதான். தட்டை எடுத்துக்கொண்டே, "மூணு வருஷமா இதை வயித்துல வெச்சுக்கிட்டு அலையறீங்க. எறக்கி வெச்சிட்டு வாங்க. அந்தம்மா கடிக்கவா போறாங்க?" என்றார். கடித்தால்கூடத் தேவலை என்று இவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை. பணிமனைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் போய் எதிரே நின்று, கையிலிருந்த சுண்ணாம்பைச் சட்டையில் துடைத்தார். சட்டையிலும் சுண்ணாம்புதான்.

"டீச்சர், இது உங்க தங்கச்சி இடம் இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். புல், கம்பம், ஒன்றரை அடி, செத்துப்போன ஐந்து, தகடு. ஒன்றையும் மறைக்கவில்லை. இப்போது பழைய இடத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். வயசான செடி, இன்னொரு முறை வேரைக் கிளறினால் பிழைக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சொல்லி முடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் குனிந்தார். தகட்டின் மேல் படிந்திருந்த மண்ணை விரலால் ஒதுக்கினார்.

"மூணு வருஷம் தண்ணி யார் ஊத்தினது?"

"நான்தான் டீச்சர்."

"தப்பு பண்ணியிருக்கீங்க தம்பி."

"ஆமா டீச்சர்."

அவர் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். கிளம்புகிறார் என்று நினைத்து இவர் விலகி நின்றார். "எங்கன்னு காட்டுங்க" என்றார் டீச்சர்.

மைதானத்துக்குள் இருவரும் நடந்தார்கள். எவருக்கு முழங்கால் அதிகம் வலித்தது என்று சொல்ல முடியாது. ஆட்டம் தானாக நின்றது. கோல் கம்பங்களுக்கு நடுவில், கோல்காவலர் மிதித்து மிதித்துக் கட்டாந்தரையாகிப்போன இடத்தில் இவர் நின்று, காலடியைக் காட்டினார். டீச்சர் அங்கேயே நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். வலைக்கு முன்னால் ஒரு கிழவி சட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

சாய்ந்த வெயில் நேரே டீச்சர் முகத்தில் விழுந்தது. கையைப் புருவத்துக்குக் குடையாக வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"ஜன்னலோரம்தான் கெடைச்சிருக்குக்கா, வெளிச்சம் அடிக்குதுன்னு சொல்லுவா என் தங்கச்சி. மூணு வருஷமா அங்க உக்காந்து, எங்கடி வெளிச்சம்னு நான் தேடிக்கிட்டே இருந்தேன். கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன்."

இவர் குனிந்து, நாற்காலிக் காலடியில் கிடந்த கல்லை எடுத்து அப்பால் போட்டார்.

"செடியைக் கெளறாதீங்க. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். எஞ்சினியர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் டீச்சர். "நான் இங்க உக்காந்துக்கறேன்."

நாற்காலியின் இரண்டு கால்களுக்கு நடுவே, அன்று மதியம் இவரே போட்ட கோல் கோடு பளிச்சென்று ஓடியது. இவர் செருப்பைக் கழற்றினார். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை அந்தக் கோட்டை வெறுங்காலால் தேய்த்து அழித்துக்கொண்டே போனார்.