சும்மா இல்லாத கணினிகள்

என் ஆய்வு எதைப் பற்றியது என்று வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பார்கள். விஷயம் சின்னதுதான். கல்லூரியில் துறைக்குத் துறை கணினிகள் கிடக்கின்றன. அவற்றை வலையில் கோத்து, ஒருவருடைய பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, எந்தக் கணினி ஓய்வாக இருக்கிறதோ அதற்கு அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். இதற்குப் பெயர் கிரிட். எதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் நிரலுக்கு, ஒவ்வொரு கணினியின் வேகம் என்ன, நினைவகம் எவ்வளவு, இந்த நிமிடம் அது என்ன செய்கிறது என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதற்கு ஒரு மாதிரியை உருவாக்குவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

என் நெறியாளர் அந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடியாவிட்டால் புது நெறியாளர், புதுத் தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. ஏற்கெனவே என் பாதி இளமை ஆய்வகத்து ஏசியில் விறைத்துப் போயிருந்தது.

நான் செய்த தவறு, துறைத் தலைவர்களிடம் தமிழில் கேட்டது.

"சார், உங்க லேப்ல எந்தெந்த சிஸ்டம் சும்மா இருக்கு?"

முதலில் கேட்டவரின் முகம் சுருங்கியது. "எங்க டிபார்ட்மென்ட்ல எதுவுமே சும்மா இல்லம்மா" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். எங்கள் கல்லூரியில் சும்மா இருப்பதாகத் தெரிந்தால் நாற்காலிகூட மறுநாள் பக்கத்துத் துறைக்குப் போய்விடும். ஆய்வுக்குத்தான் கேட்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும், கணினியைத் தூக்கிக்கொண்டு போக வந்தவளைப் போலவே என்னைப் பார்த்தார்கள்.

மனிதர்கள்தான் மறைப்பார்கள், இயந்திரம் மறைக்காது என்று நம்பி, எது எவ்வளவு உழைக்கிறது என்று அளக்கும் நிரலைக் கல்லூரி வலை வழியாக எல்லாக் கணினிகளிலும் போட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தால், அத்தனையும் முழு மூச்சில் உழைப்பதாகக் காட்டியது. எங்கள் கல்லூரியா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேரில் பார்க்கலாம் என்று ஒரு லேபுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் ஒரு ஆள் இல்லை. துணி உறை போர்த்திய கணினிகள் வரிசையாக நின்றன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உறைக்குள்ளே விசிறிகள் மட்டும் இரைந்தன.

லேப் பொறுப்பாளர் டீ குடித்துவிட்டு வந்தார்.

"இதுல என்ன சார் ஓடுது?" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டுன்னு கூட்டிக்கிட்டே போகுதுங்க மேடம்."

"எதுக்கு?"

"நீங்க சும்மா இருக்கான்னு கேட்டீங்களாம். எதையாவது ஓட்டி வைன்னு ஹெச்ஓடி சார் சொல்லிட்டாரு."

"அப்ப இது சும்மா இல்லையா?"

"சும்மா இல்லீங்க மேடம். சும்மா ஓடிக்கிட்டு இருக்கு."

அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதுவரை என் மாதிரியில் இரண்டே நிலைகள்: உழைக்கும் கணினி, ஓய்வில் இருக்கும் கணினி. மூன்றாவதாக, சும்மா ஓடும் கணினி என்று ஒன்றைச் சேர்த்தேன். அதில் ஓடுவதை நிறுத்தினால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நிறுத்திவிட்டு என் கணக்கை அனுப்பினேன். நாள் கணக்கில் இழுத்த வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. அன்று எனக்கிருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பட்டத்திலும் கிடைக்கவில்லை.

கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம். எந்தத் துறையில் எந்த நிலை என்று படமாகவும் போட்டுக் காட்டினேன். மூன்றாம் நிலைக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தேன். கல்லூரி முழுக்கச் சிவந்து போயிருந்தது. துறைத் தலைவர்கள் எதற்கும் ஒன்றுசேராதவர்கள், இதற்குச் சேர்ந்து வந்தார்கள். சிவப்பு போகாவிட்டால் தங்கள் கணினிகளை ஆய்வில் காட்ட அனுமதியில்லை என்றார்கள். அனுமதி இல்லையென்றால் வைவா இல்லை.

அவர்கள் போனதும் நெறியாளர் கண்ணாடியைத் துடைத்தார். "பேரை மட்டும் மாத்திக்கோங்கம்மா. 'தொடர் ஆய்வுப் பணி'ன்னு போட்டுடுங்க. நான் ரிட்டயர் ஆகணும், நீங்க டாக்டர் ஆகணும்."

மாற்றினேன். பெயரோடு நிறமும் பச்சையானது. ஆய்வுப் பணியை இடையில் நிறுத்தக் கூடாது அல்லவா, அதனால் என் நிரல் பழையபடி வரிசையில் காத்து நின்றது. வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பச்சைப் படத்தைப் பார்த்து அசந்துவிட்டார். "இவ்வளவு ஆராய்ச்சியா நடக்குது?" என்று கேட்டார். "ஓயாம நடக்குது சார்" என்றார் நெறியாளர். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பட்டம் கிடைத்தது. அடுத்த வாரம் மன்னார்புரம் முனையில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள்: ஓயாத ஆய்வுப் பணியில் நம் கல்லூரி. ஓரத்தில் அங்கி போட்ட என் படம். வீட்டுக்குப் போகும் பஸ் அங்கே சிக்னலில் நின்றபோது பக்கத்து சீட்டு அம்மா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானே? என்ன ஆராய்ச்சிங்க பண்றீங்க?"

"சும்மாதாங்க" என்றேன்.

அதை அடக்கம் என்று நினைத்து, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். காவிரிப் பாலம் வரும்வரை கையை விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.