மேடேறும் வண்டிக்கு வழி: லங்காவித் தீவுகளில் பாய்மரப் படகில் நான்கு நாள்

ஏற்காட்டுக்காரி படகுப் பயணம் பற்றி எழுதுகிறாள் என்றதும் ஏரியில் மிதிபடகு ஓட்டிய கதை என்று நினைத்துவிடாதீர்கள். இது மலேசியாவில், லங்காவியை ஒட்டிய சின்னச் சின்னத் தீவுகளுக்கு நடுவே, பிப்ரவரி மாதத்தில் மூன்று இரவு நான்கு பகல் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துச் சுற்றிய கதை. கொஞ்சம் பெருமை தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் சாதிக். இருபத்திரண்டு வருடம் எங்கள் மலைப்பாதையில் டாக்சி ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. போன வருடம் சர்க்கரையால் இடது கண்ணில் பார்வை மங்கியது. இனி கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மிளகு, காபித்தூள் கடையில் வந்து உட்கார்ந்தார். வாசலில் போகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டு யார் சரியாக ஓட்டவில்லை என்று குறை சொல்வதுதான் வேலை. ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நஸ்ரினிடம் லைசென்ஸ் இருக்கிறது. சமவெளியில் ஓட்ட விடுவார், மலைக்கு மட்டும் சாவி தரமாட்டார். அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

அத்தாவைக் கடையை விட்டு எங்காவது வெளியே கூட்டிப்போகலாம் என்று ஏற்பாடு செய்தவளும் நஸ்ரின்தான், பயணச் செலவும் முழுக்க அவளுடையது. கிளம்பிய அன்றும் மலை இறங்க என் வீட்டுக்காரரின் பழைய டாக்சி ஸ்டாண்டு நண்பர், மாரமங்கலத்துக்காரர், எங்கள் காரை ஓட்டிவந்தார். அடிவாரத்தில் அவர் இறங்கிக்கொள்ள, அங்கிருந்து திருச்சி விமான நிலையம் வரை மகள் ஓட்டினாள். சுமார் மூன்றரை மணி நேரம். திரும்பும்போதும் அடிவாரத்தில் வந்து நிற்கும்படி நண்பரிடம் இவர் சொல்லி வைத்திருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மகள் விமானம் ஏறினாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து லங்காவி ஒரு மணி நேரம்.

படகு முப்பத்தாறு அடி. இரண்டு குட்டி அறை, ஒரு அடுப்பு, ஒரு கழிவறை. கேப்டன் செல்வம், பினாங்கில் பிறந்த தமிழர், ஐம்பது வயதிருக்கும். ஏறியதும் உயிர்காப்பு உடுப்பைக் கட்டிவிட்டு, அவசரமே வேண்டாம், காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே சாப்பாடு என்றார். அவர் சொன்னது நிஜம். முதல் நாள் மொத்தமே பன்னிரண்டு கிலோமீட்டர்தான் போனோம். எங்கள் ஊரில் பக்கத்துக் கிராமமான வெள்ளக்கடைக்கு மொபெட்டில் போகிறவர்கள்கூட இதைவிட வேகம்.

தாயாங் பூந்திங் தீவுக்கு மேற்கே செங்குத்தான பாறைகளுக்கு இடையில் குறுகலான நீர்வழிகள் இருக்கின்றன. தண்ணீர் பச்சை, சத்தமே இல்லை. பாய்களை இறக்கிவிட்டு மெதுவாக இஞ்சினில் போனோம். முதல் பாறை திரும்பும் இடத்தில் படாரென்று ஒரு நீண்ட ஹாரன். திடுக்கிட்டுத் திரும்பினால், இருக்கைக்கு அடியில் கிடந்த கை ஹாரனை எடுத்து அழுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அடுத்த பாறையிலும் அடித்தார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடலில் ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு அர்த்தம் உண்டு, விளையாட்டாக அழுத்தக் கூடாது என்று செல்வம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

"ஏனுங்க, வளைவுல ஹாரன் அடிக்காம எப்படிங்க திரும்பறது? எதிர்ல வர்றவனுக்கு நாம வர்றது தெரிய வேண்டாமுங்களா?" என்றார் இவர்.

செல்வம் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தவே நேரமாயிற்று. பிறகுதான் விளக்கினார்: அந்தப் பக்கம் தெரியாத திருப்பத்தில் ஒரே ஒரு நீண்ட ஹாரன் கொடுக்க வேண்டும் என்பது கடல் சட்டத்திலேயே இருக்கிறதாம். இஞ்சின் படகு பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும் என்பதும் சட்டமாம். மேடேறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது மாதிரிதானே என்று இவர் கேட்டார். அன்று மாலைக்குள் இருவரும் ஒரே ஸ்டாண்டில் வண்டி போட்டவர்கள்போல ஆகிவிட்டார்கள்.

இன்னொன்று. நங்கூரம் போட்ட படகு நிலையாக நிற்காது, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்றபடி திரும்பிக்கொண்டே இருக்கும். தொழுகைக்கு நின்றால், மக்காவை நோக்கிய கிப்லா திசை நகர்ந்துவிடும். செல்வம் தினமும் திசைகாட்டியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் நாள் காலை, இன்னொரு குறுகல் வழி. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் தலையைச் சாய்த்து, "ஒரு வண்டி வருதுங்க, நொம்ப வேகமா வருது" என்றபடி ஹாரனை அழுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செல்வம் வேகத்தைக் குறைத்துப் பாறையோரம் ஒதுங்கினார். மறு நொடி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஒரு விசைப்படகு திருப்பத்தில் வெளிப்பட்டது. ஹாரன் கேட்டு அவனும் வேகத்தை அடக்கியிருந்தான், இல்லாவிட்டால் எங்கள் மேல்தான் வந்திருப்பான். அலையில் டீ மொத்தமும் என் மடியில். செல்வம் இவர் தோளைத் தட்டினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்தான் மங்கியிருக்கிறது, மனிதர் மங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் திறந்த கடலுக்கு வந்ததும் செல்வம் சுக்கானை இவரிடம் கொடுத்தார். தூரத்துத் தீவு ஒன்றைக் காட்டி, அதைப் பார்த்தே போங்கள் என்றார். பிறகு முன்பக்கம் போய்ப் படுத்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். இவர் முதலில் மிரண்டார். பத்து நிமிடத்தில் முதுகு நிமிர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார், அந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று.

என்னை நம்பி எப்படித் தூங்கினீர்கள் என்று சாப்பிடும்போது இவர் கேட்டார்.

"தூங்குனேன்னு யாரு சொன்னா அண்ணே?" என்றார் செல்வம். "நான் பக்கத்துல உக்காந்திருந்தா நீங்க கடலப் பாக்க மாட்டீங்க, என் மூஞ்சியத்தான் பாப்பீங்க."

இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, காற்றும் நன்றாக இருக்கும். படகு, கேப்டன், டீசல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு நான்கு நாளைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் ஆயிற்று. நான்கைந்து பேராகப் போனால் கட்டுப்படியாகும். விமானம் ஆளுக்கு இருபத்தெட்டாயிரம். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் மூவருக்கும் தெரியாது, உயிர்காப்பு உடுப்பை மட்டும் கழற்றாதீர்கள். வாந்தி மாத்திரை கொண்டுபோங்கள். மலைப்பாதையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தேவைப்படவில்லை. காபித்தூள் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், செல்வம் எங்கள் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திருச்சியில் இறங்கியதும் இவர் தனியே போய் போன் பேசினார். அடிவாரத்துக்கு வந்தால் நண்பரைக் காணோம். மகள் காரை ஓரம்கட்டிக் காத்திருந்தாள். இவர் முன் இருக்கையிலிருந்து இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவரு வரமாட்டாரு கண்ணு, வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ எடு, ஊட்டுக்குப் போலாம்."

நஸ்ரின் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கியர் போட்டாள். இவர் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் ஹாரன் அடித்தாள், அளவாக, நீளமாக, அப்படியே அவள் அத்தா அடிப்பதுபோல. இருபது வளைவும் துண்டு விலகவில்லை. அவருடைய வலது கால் மட்டும் வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது.