நான்கு செல்களின் சீனியாரிட்டிப் பட்டியல்

1999 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.30க்கு எழுந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறந்தேன். தில்லி கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கின் நான்கு வீடுகளுக்கும் அந்தத் தொட்டிதான். மற்றவர்கள் நேரம் தவறுவார்கள் என்று வால்வு திறக்கும் வேலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன். 5.40 பால் பூத். 6.05 செய்தித்தாள். 7.30 இட்லி, நான்கு. 8.15 முதல் 9.00 வரை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேலை: வீட்டில் உள்ள பேட்டரி செல்களைச் சரிபார்த்தல். அன்றைய டைரிப் பக்கத்தில் அதுவரை ஓர் அடித்தல்கூட இல்லை.

செல் சரிபார்ப்பதை ஒரு வேலையாகச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். அலுவலகத்தில் நான் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் இருந்தேன். யார் எந்தத் தேதியில் பணியில் சேர்ந்தார், யாருக்கு யார் மூத்தவர், யார் எந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்பதை இருபத்திரண்டு வருடமாக எழுதிவந்தவன். வீட்டுச் செல்களுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தேன். புதுச் செல் ஒன்றைப் போடும்போது அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் பட்டையைச் சுற்றி ஒட்டி, சேர்ந்த தேதியை எழுதுவேன். டார்ச், சுவர்க் கடிகாரம், டிரான்சிஸ்டர் எதுவானாலும் சரி, எல்லாச் செல்களையும் ஒரே நாளில் தூக்கி எறிவது வீண் என்பது என் கருத்து. மூத்தது ஓய்வு பெறும், இளையது ஒன்று சேரும், அலுவலகம் நடந்துகொண்டே இருக்கும். மேஜை டிராயரில் நான்கு புதுச் செல்கள் எப்போதும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தன.

அன்று காலை 10.15க்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவள், திண்டுக்கல் பக்கத்திலிருந்து தில்லிக்கு எம்.ஏ. தமிழ் படிக்க வந்திருந்த மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். பாடப் புத்தகங்களை என் மனைவி உரக்கப் படிப்பாள், அவளுடைய ரிக்கார்டர் அதைக் கேசட்டில் பதிந்துகொள்ளும். வாரம் முழுக்க அவள் அதைக் கேட்டுப் படிப்பாள்.

அந்த ரிக்கார்டர் நம் கடைகளில் கிடைக்கும் சாதி அல்ல. பார்வையற்றோருக்கென்று வெளிநாட்டில் செய்து, யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. பாதி வேகத்தில் ஓடும், ஒரே கேசட்டில் நான்கு வரிசையாக, முன்னும் பின்னுமாகப் பதியும். ஒரு முழுப் புத்தகமே இரண்டு கேசட்டில் அடங்கிவிடும். அதோடு வந்த அடாப்டர் அந்த ஊர் மின்சாரத்துக்கானது. நம் ஊர் பிளக்கில் செருகிய முதல் நாளே புகைந்துபோனது. ஆகவே பெட்டி ஓடியது நான்கு பெரிய செல்களில் மட்டும். அந்த நான்கு செல்களின் நிர்வாகமும் என்னிடம்தான் இருந்தது. வாரம் ஒன்று ஓய்வு, ஒன்று நியமனம். மூத்த செல் எது என்று அவள் தடவித் தெரிந்துகொள்ள அதில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவைப்பேன்.

"சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா மூச்சுப் பேச்சில்லாமப் போயிட்டாங்க" என்றாள் உள்ளே வந்ததும்.

"நான் இங்கதான நிக்கேன், யாரு போயிட்டது?" என்று அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள். அவள் திருநெல்வேலி.

"உங்க குரல்தான்க்கா. மொத ரெண்டு நாளா சார் குரல் மாதிரி கட்டையாப் பேசுனீங்க. அப்பறம் அதுவும் இல்ல."

பையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சிரித்துப் பேசினாலும் அவளுக்கு என்ன பயம் என்று எங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு இலக்கணத் தாள். அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாகிவிட்டது. ஆனால் இலக்கணம் முழுவதும் ஐந்து கேசட்டுகளில் என் மனைவியின் குரலில் இருந்தது. இன்னும் மூன்று கேசட் கேட்கவில்லை. வெள்ளியும் சனியும் ஏற்கெனவே போய்விட்டன.

"பக்கத்து ரூம்ல டேப்ரிக்கார்டர் கேட்டு வாங்கிப் போட்டேன் சார். அக்கா அணில் மாதிரி கிறீச்சுன்னு ஓடுறாங்க. அதுல பாதி முன்னாடி, பாதி பின்னாடி. ரூமே சிரிச்சுது, நான் அழுதுட்டேன்."

பெட்டியைக் கவிழ்த்து மூடியைத் திறந்தேன். நான்கு செல்களில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது வீங்கி, வயிறு வெடித்திருந்தது. அடிப்பக்கத்திலிருந்து பழுப்பு நிறத்தில் பிசின் வழிந்து, ஓரங்களில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. பட்டையில் என் கையெழுத்து: 14-3-99. ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 11ஆம் தேதி ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அவள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. ஓய்வு வயதைக் கடந்தும் பன்னிரண்டு நாள் வேலை பார்த்திருக்கிறது.

"ரெண்டு வாரம் வராம இருந்தா இப்படித்தாம்மா ஆகும்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கையில் பால் கவரை மாட்டிக்கொண்டு, மரக் கரண்டிக் காம்பால் நெம்பி அந்தச் செல்லை வெளியே எடுத்தேன். அதன் அடியில் இருந்த ஸ்பிரிங் தொட்டவுடன் பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

11.00க்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு நடந்தேன். துணிக்கடைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீட்டர் வயரோடு வேறு இரண்டு வயரை எங்கேயோ தொட்டார். உள்ளே மோட்டார் ஒரு கணம் சுழன்று நின்றது. எனக்கு உயிர் வந்தது.

"பாய்சாப், மெஷின் டீக் ஹை" என்றார். மெஷினில் கோளாறு இல்லை, செல் உட்காரும் இடம்தான் அரித்துப்போயிருக்கிறது. இந்த மாடலுக்கு ஸ்பிரிங் வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார். பரீட்சை செவ்வாய்க்கிழமை என்றேன். உதட்டைப் பிதுக்கினார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மீட்டா சோடா சே சாஃப் கரோ. நிம்பு மத் லகானா" என்றார்.

சமையல் சோடாவால் துடைக்கச் சொன்னார், எலுமிச்சை வேண்டாம் என்றார். செம்புப் பாத்திரம்போல எலுமிச்சை தேய்க்கலாம் என்றுதான் நானும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இந்த வகைச் செல்லில் கசிவதே புளிப்புத்தான், அதன்மேல் இன்னொரு புளிப்பை ஊற்றக் கூடாது என்று பிறகு புரிந்தது.

12.20க்கு வீடு. சுள்ளென்று வெயில். பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்தோம். முதலில் ஈரம் படாமல் பழைய பல்துலக்கியால் உப்பைச் சுரண்டித் தாளில் தட்டினேன். பிறகு சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டுத் தடவினேன். நுரைத்தது. நுரை அடங்கும்வரை தடவி, துடைத்து, மறுபடி தடவினேன். பதினேழு பஞ்சு. மனைவி ஒவ்வொன்றாகச் சுற்றித் தந்தாள். பிறகு ஈரம் போக நாற்பது நிமிடம் ஃபேனுக்கு அடியில் வைத்தோம்.

அந்த நேரத்தில் ஸ்பிரிங்குக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டே, டிராயரிலிருந்து புதுச் செல் ஒன்றை எடுத்தேன். நியமனத் தேதி எழுத வேண்டும். பட்டையைக் கோணாமல் ஒட்ட, செல்லின் அடிப்பக்கத்தில் அச்சடித்த வரி ஒன்றுக்கு நேராக எப்போதும் வைப்பேன். அன்று மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்ததால் அந்த வரி கண்ணில் பட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. பழைய செல்லையும் புதுச் செல்லையும் சேர்த்துப் போடாதீர்கள், கசியும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

மற்ற மூன்று செல்களையும் எடுத்துப் பட்டையை உரித்தேன். ஒவ்வொன்றிலும் அதே வரி, என் பட்டைக்கு நேர் அடியில். எத்தனை வருடமாக அதை நானே ஒட்டி மறைத்திருக்கிறேன்!

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் ரிஜிஸ்டரில் என்ன காரணம் எழுதுவது? வரி முழுவதையும் தமிழில் உரக்கச் சொன்னேன்.

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். "அப்ப நான் வராததால இல்லையா சார்?"

"இல்லம்மா. என் சீனியாரிட்டியாலதான்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றாள் மனைவி. "புதுசா வந்தவன் ஓடச் சொல்லுதான், கிழவனால முடியல. வயிறு வெடிச்சுட்டான். உங்க ஆபீஸ் மாதிரியே செல்லையும் நடத்துனீயளே!"

மூவரும் சிரித்தோம். காலையிலிருந்து அந்தப் பெண்ணின் தோளில் இருந்த இறுக்கம் அப்போதுதான் தளர்ந்தது. எனக்கும்தான்.

குனிந்து, காலையில் மேஜையடியில் வைத்த டார்ச்சைப் பார்த்தேன். அதிலும் அதே பெரிய செல்கள்தான். அடிமூடியைக் கழற்றினால் உள்ளே கூம்பு வடிவத்தில் பளபளவென்று ஒரு ஸ்பிரிங். குறடால் அதைப் பிடுங்கி, பெட்டியின் தகட்டுக்கு அடியில் அதன் கால் வளையத்தைச் செருகிக் குறடாலேயே அழுத்தினேன். அளவு எடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. நான்கு புதுச் செல்களையும் பட்டை இல்லாமல் போட்டேன். மணி 2.50.

பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் சுத்தம்.

"சார், குடுங்க" என்றாள். செல்களைக் கழற்றி மடியில் வரிசையாக வைத்துக்கொண்டு, சுண்டுவிரலை ஒவ்வொரு குழிக்குள்ளும் விட்டுத் தடவினாள். மூன்றாவது குழியில் விரல் நின்றது. "இங்க இன்னும் மொரமொரங்குது. தகட்டுக்கு மேல இல்ல, உள்பக்கமா மடிஞ்சிருக்குல்ல, அந்த மடிப்புல. உப்புத்தாள் இருக்கா?"

உப்புத்தாளை நகத்தளவுக்குக் கிழித்துக் கொடுத்தேன். அவளே தேய்த்தாள், விரலால் பார்த்தாள், திரும்பத் தேய்த்தாள். நான் இருமுறை கை நீட்டினேன். "இருங்க சார், ஜல்தி வேணாம்" என்று தட்டிவிட்டாள். அந்த மடிப்பை ஏழு நிமிடம் தேய்த்தாள். செல்களையும் அவளே போட்டு மூடினாள்.

3.12. பொத்தானை அழுத்தினாள்.

முதலில் சர்ரென்று ஒரு சத்தம். பிறகு ஒரு குக்கர் விசில், நீளமாக. அதன் மேலேயே என் மனைவியின் குரல், அணிலும் இல்லை, நானும் இல்லை, சுத்தமான திருநெல்வேலி: "ஏங்க, மூணு விசில் ஆயிட்டு, அடுப்ப அணைக்கப்படாதா? இங்க நான் புணர்ச்சி விதி படிச்சுக்கிட்டு இருக்கேன்!"

அந்தப் பெண் இரண்டு கையாலும் மேஜையைத் தட்டினாள். "அக்கா வந்துட்டாங்க! அக்கா வந்துட்டாங்க!" மனைவி அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். மேல் மாடிப் பஞ்சாபி அம்மாள் பால்கனியிலிருந்து எட்டி, "க்யா ஹுவா ஜி? மேட்ச் ஜீத் கயே க்யா?" என்று கேட்டார். மேட்சில் ஜெயித்துவிட்டோமா என்று கேட்கிறார். ஆமாம், ஜெயித்துவிட்டோம் என்று நான் தமிழிலேயே கத்தினேன்.

4.00 மணி பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். பஸ் நகரும் முன்பே காதில் ஹெட்ஃபோன் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை தேர்வு எழுதினாள். அந்த வருடம் ஜூலை மாத டைரியில் ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை இருக்கிறது: இலக்கணத் தாள், நூற்றுக்கு எழுபத்தொன்று, வகுப்பிலேயே அதிகம்.

அன்று மாலை ரிஜிஸ்டரில் சீனியாரிட்டிப் பட்டியலின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். கடிகாரம், டிரான்சிஸ்டர், டார்ச் எல்லாவற்றிலும் இருந்த செல்களை வெளியே எடுத்து, தேதி பார்க்காமல் எல்லோரையும் ஒரே நேரத்தில் ஓய்வு பெறச் செய்தேன். நல்ல அலுவலகத்தில் இப்படி நடக்காது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. காலை 4.30க்கு எழுந்து டார்ச்சுக்குக் கை நீட்டினேன். ஸ்பிரிங் ஹாஸ்டலில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு, எண்ணி முப்பத்தாறு படி ஏறி மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டியின் பக்கவாட்டில் விரலை ஓட்டி வால்வைக் கண்டுபிடித்து, முதல் தடவையிலேயே திறந்தேன்.