மாதாவின் கிரீடமும் கேத்தரினின் வலது தோளும்

மாதாவுக்குப் புடவை கட்டிக் கிரீடம் வைப்பது பதினெட்டு வருஷமாகக் கேத்தரினின் வேலை. ஒக்கலிபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். கொசுவம் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. செப்டம்பர் திருவிழாவுக்கு முந்தின நாள் கோவிலில் அவள் ஸ்டூல்மேல் ஏறி நிற்பாள். கீழே சேஃப்டி பின் டப்பியோடு, உதவிக்கு வரும் சிந்தியா நிற்பாள். சிந்தியா கடைசிவரை கீழேயே நிற்க வேண்டும் என்பதுதான் கேத்தரினின் ஆசை.

2002 மழையில் வழுக்கி விழுந்ததில் கேத்தரினின் வலது தோளுக்குள் என்னவோ அறுந்தது. வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஸ்டூல் சிந்தியாவுக்குப் போய்விடுமே! இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்தே இரண்டு திருவிழாக்களை ஒப்பேற்றினாள்.

பிறகு ஒருநாள் பஸ் டிரைவர் போட்ட பிரேக்கில், கம்பியைப் பிடித்திருந்த சிந்தியாவுக்கும் தோள் பிய்ந்தது. அந்த மகராசி மறைக்கவில்லை. அடுத்த வாரமே ஆஸ்பத்திரி. மூன்று சின்னத் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுத் தைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் கைநீட்டிக் கொடியில் துணி காயப்போட்டாள். பார்த்த கேத்தரினுக்கு வயிறு எரிந்தது. எனக்கும் அதே மூன்று துளைதான் வேண்டும் என்று கணவர் ஓஸ்வால்டை இழுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மஞ்சுநாத் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "நோடி, பாருங்கம்மா, சிந்தியா உடனே வந்தாங்க. உங்க தசைநார் சுருங்கி உள்ள போயிடுச்சு, எலும்பு வரைக்கும் இழுத்தா வராது. துளை போட்டு க்ளீன் பண்ணலாம். வலி குறையும், கை ஏறாது. இல்லாட்டி முதுகுத் தசை ஒண்ணை எடுத்துத் தோள்ல கட்டலாம். பெரிய ஆபரேஷன், ஒரு வருஷம் பயிற்சி. கொஞ்சம் ஏறும், முழுசா ஏறும்னு சொல்ல மாட்டேன். மூட்டே மாத்துறது உங்க வயசுக்கு இப்ப வேணாம்."

"வலி போனா போதும், சின்னதே பண்ணிக்கலாம்" என்றார் ஓஸ்வால்ட்.

"வலிய நான் பாத்துக்குறேன். சார், கிரீடம் வைக்க எட்டுமா?" என்றாள் கேத்தரின்.

"எவ்ளோ ஒசரம்?"

இடது கையைத் தலைக்குமேல் நீட்டிக் காட்டினாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிப் பேனாவை மூடினார். அப்படியும் அவள் பெரிய ஆபரேஷனுக்கே கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் செப்டம்பரில் கை இடுப்பைத் தாண்டவில்லை. ஸ்டூலில் சிந்தியா. முதல் பெஞ்சில் உட்கார்ந்து குற்றம் தேடினாள் கேத்தரின். முந்தானையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதற்காகவே அழுதாள்.

வருஷம் முழுக்கச் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றி, எட்டின இடத்தில் பென்சில் கோடு போட்டாள். கோடு மூக்கு உயரத்துக்கு வந்தது. அதற்குமேல் அசையவில்லை.

அடுத்த திருவிழாவில், "நீங்க ஏறுங்கக்கா" என்று சிந்தியாவே ஸ்டூலை நகர்த்தினாள். கேத்தரின் ஏறினாள். வலது கை மாதாவின் மார்பு வரை போய் நின்றுவிட்டது. கோவிலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் விரல்களுக்கு நேராக, மாதாவின் கையில் குழந்தை இயேசுவின் தலை இருந்தது. குழந்தையின் சின்னக் கிரீடம் பெரியதோடு தட்டிலேயே காத்திருந்தது.

"பெரிய கிரீடத்த நீயே வெச்சுக்க, சிந்தியா" என்றாள். "சின்னது என்னுது. அதுமேல கை வெச்சே, அவ்ளோதான்!"