மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. பள்ளி ஆய்வகத்தில் மூன்றாவது வகுப்பு முடிந்து, முப்பத்தாறு சோதனைக் குழாய்கள் கழுவும் தொட்டியில் கிடந்தன. ஆய்வகப் பொறுப்பாளரான அவள் ரப்பர் கையுறையோடு நின்றிருந்தாள். மேசை மேல் கைப்பேசி அதிர்ந்தது. வெளியூர் எண். கடன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும் என்று முதல் தடவை விட்டுவிட்டாள். மறுபடி அடிக்கவே ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"மேடம், ஓட்டல் ரிசப்ஷன்ல இருந்து பேசறேன். நானூத்தி எட்டுல தங்கியிருக்கிற சாரோட வீட்டுக்காரம்மாங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

"உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா மேடம்?"

அந்தக் கேள்வியிலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதியை அந்தப் பெண் துண்டு துண்டாகச் சொன்னாள். தொழிற்சாலை வண்டி ஏழு மணிக்கு வந்து நின்றும் சார் இறங்கி வரவில்லை. போன் எடுக்கவில்லை. மாற்றுச் சாவி போட்டுத் திறந்தார்கள். தூக்கத்திலேயே போய்விட்டிருக்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டார். கடைசியாக, "சார் எங்க கோல்டு மெம்பர் மேடம்" என்று சொல்லி அந்தப் பெண்ணே அழுதுவிட்டாள்.

போனை வைத்த பிறகு அவள் ஒரு கை கையுறையோடு குழாய்கள் முப்பத்தாறையும் கழுவி, கவிழ்த்து, எண்ணி வைத்தாள். பிறகுதான் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

அவள் கணவர் பாட்டில் நிரப்பும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றாலும், கம்பெனி அவரைத்தான் அனுப்பும். இருபத்திரண்டு வருஷம் இப்படி. மாதத்தில் பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மூடி இறுக்கும் கை ஒன்று அரை மயிரிழை விலகினால் ஆயிரம் பாட்டில் வீண் என்பார். காதை வைத்துக் கேட்டே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் ஆள் கூப்பிட வேண்டும். அதற்கு அவர் ஊரில் இருக்கமாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் மைல் கணக்கைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பறக்கிற தூரத்துக்கெல்லாம் மைல் ஏறும், போதுமான அளவு சேர்ந்தால் சும்மாவே டிக்கெட் கிடைக்கும். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். ஓட்டல்களிலும் இப்படிப் புள்ளி உண்டு என்று தெரிந்ததும் அதுவும் சேர்ந்துகொண்டது. கம்பெனியில் அவருக்கு வேறு பெயர் இல்லாமலே போயிற்று, பாயிண்ட்டு. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பியும் நேருக்கு நேராகவே "பாயிண்ட் மாமா" என்பான். அவருக்கு அதில் கோபம் கிடையாது. "கூப்பிடு, கூப்பிடு. ஒருநாள் உன் அக்கா கால நீட்டிப் படுத்துக்கிட்டே பறப்பா. அப்ப நீ கீழ நின்னு கையாட்டு" என்பார்.

கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும் இருக்கைகள் மூன்று. அவருக்கு, அவளுக்கு, மகளுக்கு. அதுதான் கணக்கு. அதற்கு மூன்று லட்சம் மைல் வேண்டும் என்று இருந்தது. எறும்பு போலச் சேர்த்து மூன்று லட்சத்தைத் தொட்ட வருஷம் விமான நிறுவனம் அதை நான்கு லட்சமாக்கியது.

"அவங்க கோட்டைத் தள்ளித் தள்ளிப் போடுவாங்க, நீங்க ஓடிக்கிட்டே இருங்க" என்றாள் அவள்.

"இன்னும் ஒரு லட்சம்தானே? ரெண்டு வருஷம்."

அந்த இரண்டு வருஷத்துக்காக அவர் செய்ததை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நேர் விமானம் இருக்கும். அதில் வரமாட்டார். இரண்டு ஊர் சுற்றி, இரண்டு விமானம் மாறி வருவார்.

"நேரா வந்தா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்ல இருப்பீங்கல்ல?"

"நேரா வந்தா அறுநூறுதான். சுத்தி வந்தா ஆயிரத்து நானூறு."

"அந்த எண்ணூறை வச்சு என்ன பண்றது, தலைக்கு வச்சுப் படுக்கவா?"

"படுக்கத்தான்" என்பார், கால் நீட்டும் இருக்கையை நினைத்துக்கொண்டு.

ஒரு வருஷக் கடைசியில், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் தங்க அட்டை கைவிட்டுப் போகாமல் இருக்க ஒரே ஒரு பயணம் குறைந்தது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய், இறங்கி, விமான நிலையத்திலேயே ஒரு டீ குடித்துவிட்டு, அதே விமானத்தில் திரும்பி ஏறினார். வாசலில் நின்ற பணிப்பெண் பதறிப்போய், "சார், எதையாவது மறந்து வச்சிட்டீங்களா?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை.

சேர்த்ததில் அவர் செலவழித்தது ஒரே ஒரு தடவை. ஆரம்ப காலத்தில், விவரம் தெரியாமல், எட்டாயிரம் மைலுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிவிட்டார். சமையலறையில் மாட்டியிருக்கிறது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "அந்த மைல் இருந்திருந்தா ஒரு டிக்கெட்டுல பாதி" என்று பெருமூச்சு விடுவார். மகளுக்கு ஆறு வயதிலேயே ஒரு உறுப்பினர் எண் வாங்கிக் கொடுத்தார். அவள் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தாள். "நம்பர் சொல்லாம விமானத்துல கால் வைக்காதே" என்பதுதான் மகள் மேல்படிப்புக்குக் கடல் கடந்து போனபோது அவர் சொன்ன கடைசி புத்திமதி.

அந்த மகளைத்தான் இப்போது கொண்டுவர வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. கம்பெனி வண்டி ஏற்பாடு செய்திருந்தது. மறுநாள் மாலை அவரைக் கொண்டுவந்துவிடுவார்கள். மகள் போனில், "அம்மா, இன்னிக்கு ராத்திரி நேர் விமானம் ஒண்ணு இருக்கும்மா. அதைப் பிடிச்சா நாளைக்கு சாயங்காலம் அப்பா வர்ற நேரத்துக்கு நானும் வந்துடுவேன். ஆனா விலை..." என்று நிறுத்தினாள். சொன்ன விலை, ஆய்வகத்தில் அம்மா வாங்கும் ஐந்து மாதச் சம்பளம்.

"நீ கிளம்பு. அப்பா கணக்குல இருக்கு" என்றாள் அவள்.

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு பிடிமானம் கிடைத்தது போல இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் திட்டிய மைல். அது அவர் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால், சாப்பாட்டுக்கு வராத ராத்திரிகளுக்கெல்லாம் ஓர் அர்த்தம் வந்துவிடும். எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பியைக் கூடத்தில் இருந்து வருகிறவர்களைக் கவனிக்கச் சொன்னாள். எதற்காக உள்ளே போகிறாள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

அவருடைய நீல நோட்டில் கடவுச்சொல் இருந்தது. கணினியில் அதைப் போட்டதும், அவர் கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதையும் சொல் என்றது. அவர் கைப்பேசி நானூற்று எட்டாம் அறையில் இருந்தது. ஓட்டலைக் கூப்பிட்டாள். அதே பெண் எடுத்தாள். விவரம் கேட்டதும், "வண்டி இன்னும் வரலை மேடம். சாரோட சாமான் எல்லாம் என்கிட்டதான் பையில போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லி, பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ஸ்கிரீன்லயே தெரியுது மேடம். சொல்றேன், எழுதிக்கோங்க. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு, ஒன்பது."

கணக்கு திறந்தது. மேலே அவர் பெயர், அதற்கு வணக்கம். அடியில் மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூற்று இருபது. இரவு விமானத்தில் மைலுக்குக் கொடுக்கிற இருக்கை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அறுபத்தையாயிரம் மைல். மகளின் பெயரை அடித்தாள். பாஸ்போர்ட் எண்ணைத் தேடி எடுத்து அடித்தாள். பிறந்த தேதியில் மாதமும் நாளும் மாறிப்போய், அழித்து மறுபடி அடித்தாள். வரிப் பணத்துக்குத் தன் அட்டை எண்ணைப் போட்டாள். உறுதி செய் என்பதை அழுத்தினாள்.

திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. நின்றது. இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று வந்தது.

தான்தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து அவள் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்போது, தம்பி கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"அக்கா, நான் ஏர்லைன்ஸ்ல பேசிட்டேன். துக்க வீடுன்னா டிக்கெட்டுல சலுகை உண்டாம்னு கடைக்கு வர்ற ஒருத்தர் எப்பவோ சொன்னாரு."

"என்ன பேசினே?"

"இறந்தவர் எங்க உறுப்பினரான்னு கேட்டாங்க. ஆமாங்க, சும்மா உறுப்பினர் இல்ல, தங்க அட்டை, இருபத்திரண்டு வருஷம்னு சொன்னேன். அப்படிச் சொன்னா கூடக் குறைப்பாங்கல்ல? நம்பரும் சொன்னேன். மாமா அதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம்."

"குறைச்சாங்களா?"

"அந்தச் சலுகையைப் போன வருஷமே எடுத்துட்டாங்களாம்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி படித்தான். "அக்கா, இது..."

அவனே மறுபடி கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டான். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உறுப்பினர் இறந்தால் மைல்கள் காலாவதியாகும், யாருக்கும் மாற்ற முடியாது, விதிகளில் இருக்கிறது, எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

"நீங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு மூடியிருக்கக் கூடாதாங்க?" என்று தம்பி கெஞ்சினான்.

"தகவல் வந்ததும் செய்யணும் சார்."

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாற்பது வயது ஆள், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். மாமாவைப் பெருமையாச் சொல்லணும்னு நினைச்சேன்க்கா. உயிரோட இருந்தவரைக்கும் கிண்டல்தான் பண்ணேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "நான்தான் உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். விடு. எழுந்திரு, பணத்துக்கு வழி பாரு" என்றாள்.

கடைக்கு லென்ஸ் வாங்க வைத்திருந்த பணத்தைத் தம்பி எடுத்து வந்தான். அதற்குள் இரவு விமானத்தில் இருக்கையே இல்லை. கிடைத்தது இரண்டு ஊர் சுற்றி வருகிற டிக்கெட். மகள் வந்து சேர மறுநாளுக்கு மறுநாள் மதியம் ஆகும்.

மறுநாள் மாலை அவர் வந்தார். இரவு முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்கள் எதையோ கேட்டார்கள், எதற்கோ தலையாட்டினாள். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவர் வீட்டில் இருந்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது. பெண் பக்கத்தில் இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பாள். வேறு யாரிடமும் சொல்லக்கூடியதாக இல்லை அது.

காலையில் பெரியவர்கள் இரண்டு பேர், "இன்னும் எவ்வளவு நேரம்மா வச்சிருக்கிறது?" என்று கேட்டார்கள். தம்பி வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "அவ வர்ற வரைக்கும்" என்றான்.

ஒன்றே முக்காலுக்கு மகள் வந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, சமையலறையில் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து சொன்னாள்:

"சுத்தித்தான்மா வந்தேன். ரெண்டு விமானம் மாறி. அப்பா மாதிரி."

"ம்."

"கவுண்டர்ல மெம்பர் நம்பர் இருக்கான்னு கேட்டாங்க. அந்த நேரத்துலயும் பழக்கத்துல கடகடன்னு சொல்லிட்டேன்மா. இப்ப மெசேஜ் வந்திருக்கு. நாலாயிரத்து நூறு ஏறியிருக்காம்." கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "சொல்லியிருக்கக் கூடாதுல்ல?"

"சொல்லாம வந்திருந்தா அவருக்குத்தான் ஆறாது" என்றாள் அவள். வாசற்படியில் நின்றிருந்த தம்பி முதன்முதலாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

பத்து நாளில் மகள் திரும்பிப் போனாள். அவள் மறுபடி ஆய்வகத்துக்குப் போனாள். ஓட்டலின் தலைமை அலுவலகத்தில் புள்ளிக் கணக்கு பார்ப்பவர்களுக்கு அவர் போனதை யாரும் எழுதிப் போடவில்லை. இன்னும் ஒரே ஓர் இரவு தங்கினால் இலவச இரவு ஒன்று கிடைக்கும் என்று அவர்களிடமிருந்து கடிதம் வருகிறது. மூன்று முறை வந்துவிட்டது.

அவருடைய சாம்பல் நிறப் பெட்டியை நாற்பதாம் நாளுக்குப் பிறகுதான் திறந்தாள். மடித்த சட்டை நான்கு, இயந்திரத்தில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்கும் நீளத் திருப்புளி, ஓட்டல் சோப்பு இரண்டு. அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் விமான நிறுவனத்தின் தாள் ஒன்று. கணக்கில் ஏறாமல் விட்டுப்போன மைலைக் கேட்டு வாங்குகிற படிவம். கடைசியாகப் பறந்த விமானத்துக்கானது. அறுநூற்றுப் பன்னிரண்டு மைல். பெயர், உறுப்பினர் எண், விமான எண், தேதி எல்லாம் அவருடைய சதுரமான கையெழுத்தில். ஏறும்போது கிழித்துக் கொடுத்த துண்டும் கிளிப் போட்டு இணைத்திருக்கிறது. அதில் இருக்கை 23சி.

படிவத்தில் இருக்கை எண் என்ற கட்டத்தில் 23 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் எழுத்து இல்லை; பேனா அங்கேயே நின்றிருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது.